பேசாத கட்டை

முதல் சுற்று முடிந்தது. கைதட்டியவர்களுக்கு நன்றி.
தட்டாதவர்கள் கையுறையைக் கழற்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து முனகுகிறது.
இரும்புத்தாதுக் கப்பல்கள் மார்ச் வரை துறையில் கட்டிக்கிடக்கின்றன.
இந்தப் பௌலிங் கூடத்தின் பின்னறையில் இருக்கும் நம்மைத் தவிர
இன்றிரவு ஊரில் அசைவது
பாலத்தின் மேல் உப்புத் தூவும் லாரி ஒன்றுதான்.

இனி செய்திகள்.

துறைமுக உணவகத்தில் வெள்ளிக்கிழமை ஜாஸ் நின்றுவிட்டது.
அங்கே இனி வினாடி வினா.
பதினான்கு வருஷம் வாசித்த இடத்திலிருந்து
கேள்விகள் நம்மைக் கிளப்பிவிட்டன.
முதல் வாரமே கேட்டார்களாம்,
சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் எந்த நாட்டுக்காரர் என்று.
நம் ஆட்கள் மூன்று பேர் போய்த் தோற்றார்கள்.

இங்வால்ட் ஸ்டுவேயின் பாஸ் ஒரு ராத்திரி காரிலேயே கிடந்து
முதுகு பிளந்துவிட்டது.
படகுப் பசையும் ஆறு கவ்விகளும் போட்டு
சமையலறை மேசையில் மூன்று நாள் படுக்கவைத்தார்.
வீட்டில் எல்லாரும் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.
இன்று வாசிப்பது அதேதான். குரலில் கொஞ்சம் சளி.
தயவுசெய்து நலம் விசாரிக்காதீர்கள்,
பசையின் பெயரிலிருந்து ஆரம்பிப்பார்.

லெமுவேல் ஆஹோவுக்கு முன்பல் இரண்டும் கட்டியாகிவிட்டது.
ஏப்ரலில் டிரம்பெட் எடுப்பார்.
அதுவரை வாசலில் சீட்டுக் கிழிக்கிறார்.
சிரிக்கச் சொல்லுங்கள், காட்டுவார்.

மாவட்ட நிர்வாகம் நானூறு டாலர் தந்திருக்கிறது.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
'மேடையில் நடக்கப்போவதை விரிவாக எழுதுக.'
தெரியாது என்று எழுதினேன்.
கொடுத்துவிட்டார்கள்.

பெரிய குழுவுக்கு மூன்றாவது டிராம்போன் தேவை.
நோட்டு பார்த்து வாசிக்கத் தெரிந்தவர் வரலாம்.
தெரியாவிட்டாலும் நேரத்துக்கு வருபவர்
அவருக்கு முன்னாலேயே வரலாம்.

கடைசியாக, பியானோ.

பதினொரு மாதமாக, நடு ஸி-க்கு மேலே மூன்றாவது வெள்ளைக் கட்டை
அமுக்கினால் அமுங்கவில்லை, அடித்தால் பேசவில்லை.
தெருவில் விழுந்த குழியைப்போல அதைச்
சுற்றிக்கொண்டு போகப் பழகினாள் டெல்ஃபின் காடோட்.
அவள் தாண்டும் இடத்தில் தாடியஸ்
டிரம் விளிம்பில் 'டிக்' என்று ஒன்று வைத்தான்.
பிறகு பாஸ் அங்கே மூச்சை நிறுத்தியது.
பிறகு நீங்கள். கால் தட்டுகிற நீங்கள்
அந்த இடம் வந்தால் பாதத்தை அந்தரத்தில் வைத்தீர்கள்.
டுலூத்தில் ஒரு குழு இப்போது
எல்லாக் கட்டையும் பேசுகிற நல்ல பியானோவில்
நம் பள்ளத்தை வாசிக்கிறதாம்.

நேற்று ஆஷ்லண்டிலிருந்து ஹார்லன் ஸிவெக் வந்தார்.
கட்டையைப் பிடுங்கினார்.
அடியில், பௌலிங் கணக்கு எழுதும் பச்சைப் பென்சில்,
கட்டைவிரல் நீளம்.
எடுத்தார். பேசியது.
எண்பது டாலர். மீதி முந்நூற்று இருபது.

செய்திகள் முடிந்தன.

இரண்டாம் சுற்று. மெதுவான ப்ளூஸ், எஃப்-இல்.
வீடே அந்தக் கட்டைதான்.
டெல்ஃபின் வாசல்வரை வந்தாள்,
விரல் வளைந்தது,
தாண்டினாள்.
டிக்.
நாற்பது பாதங்கள் அந்தரத்தில்.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ உருட்டிய பந்து
பத்துக் கட்டையையும் சாய்த்தது.

இன்னொரு செய்தி இருந்தது, அறிவிக்கவில்லை.
இதையெல்லாம் நான் எழுதுவது
பியானோவின் தலைமேல் காகிதம் வைத்து,
கவுண்டர் டப்பாவிலிருந்து எடுக்கும் பச்சைப் பென்சிலால்.
போன மார்ச்சில் ஒன்று காணாமல் போனது.
வேறொன்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது தடவை அவள் சுண்டுவிரல் வழுக்கியது.
எஃப் ஒலித்தது.
கதவைத் தட்டாமல் நுழைந்தவனைப் பார்ப்பதுபோல்
எல்லாரும் திரும்பினார்கள்.
தாடியஸ் தூக்கிய குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.
டெல்ஃபின் என்னைப் பார்த்தாள்,
என் காதில் செருகியிருந்த
பென்சிலை.